பச்சை மையும் கோணக்கொம்பு மாடும்

மாட்டு டாக்டர் என்றால் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று நினைத்துத்தான் நானும் அந்த வேலையில் சேர்ந்தேன். பாதி நாள் மனுஷனைப் பார்த்து "நீ நீதானா?" என்று கேட்பதுதான் வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எண்பதுகளில் வேலைக்கோ காலேஜுக்கோ மனுப் போட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். சர்ட்டிபிகேட் நகலில் 'உண்மை நகல்' என்று கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். போட்டோவிலும் அப்படியே. நீங்களும் நாலு நகலைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வாசலில் நின்றிருப்பீர்கள். உள்ளே இருக்கிற ஆபீசரை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். தாசில்தாரைப் பார்க்க பியூனைத் தாண்ட வேண்டும். பெரியாஸ்பத்திரி டாக்டரைப் பார்க்க க்யூவைத் தாண்ட வேண்டும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மாட்டு டாக்டரைப் பார்க்க மட்டும் எதையும் தாண்ட வேண்டாம், சாணியைத் தவிர. அந்த மாட்டு டாக்டர் நான்தான்.

எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பேன். அப்படிப்பட்டவளிடம் முன்பின் தெரியாத ஆள் வந்து, 'இது நான்தான் என்று எழுதிக் கொடு' என்றால் எப்படி இருக்கும்? ஒருத்தன் பேரை இன்னொருத்தன் தூக்கிக்கொண்டு போக என் கையெழுத்து ஒன்று போதும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

வெற்றுத் தாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா. ஐந்து வெற்றுத் தாள்களை மேஜையில் வைத்து, அடியில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் போதும், சர்ட்டிபிகேட்டை அப்புறம் அதன்மேல் டைப் அடித்துக்கொள்கிறேன் என்றார். கரண்ட் இல்லை, ஜெராக்ஸ் கடை மூடியிருக்கிறது, மறுபடி இவ்வளவு தூரம் பஸ்ஸில் வர வேண்டுமே என்று காரணம் வேறு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கு அவர் என்னவாக வேண்டுமானாலும் ஆகிவிடலாம், எம்.ஏ. ஆகலாம், இருபத்தைந்து வயசுக்காரர் ஆகலாம். தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். மனுஷர் ரொம்ப மனசு நொந்து எழுந்தார். "உங்க கையெழுத்தத்தானேம்மா கேட்டேன், ஊட்டு பத்திரத்தையா கேட்டேன்?"

போட்டோவில் இருந்தவர்

வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பெரியவர் போட்டோவோடு வந்தார். போட்டோவில் இருந்தவருக்குத் தலை நிறைய சுருட்டை முடி, ஒல்லிக் கன்னம். எதிரில் நின்றவருக்கு முன்னந்தலை முழுக்க வழுக்கை, தாடை ரெண்டு மடிப்பு. எப்போது எடுத்தது என்று கேட்டேன். போன வருஷம் என்றார். போன வருஷம் இவ்வளவு முடி இருந்தது என்றால் இந்த வருஷம் வந்திருக்க வேண்டிய இடம் மாட்டாஸ்பத்திரி இல்லை, வேறு ஆஸ்பத்திரி என்றேன்.

மறுநாள் மனைவியைச் சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டார். நான் போட்டோவை அந்த அம்மாவிடம் நீட்டி, இது உங்கள் வீட்டுக்காரர்தானா என்று கேட்டேன். அந்த அம்மா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அவசரப்படாமல் சொன்னாள். "பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தி எங்க ஊட்ல காட்னது இந்த ஆளைத்தாம்மா. வந்தவரு இவரு."

மூன்று பேருக்கு ஒரே ஆடு

எனக்கு ஒரு குறை உண்டு. மனுஷ முகம் மனசில் நிற்காது. ஆனால் ஒரு தடவை ஊசி போட்ட மாட்டை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தாலும் யார் வீட்டு மாடு, எத்தனையாவது ஈற்று என்று சொல்லிவிடுவேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஆடு மாடு ஓட்டி வருகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்கு மட்டும்தான் அட்டெஸ்ட் செய்வேன். எங்கள் கம்பவுண்டர் அந்தோணி இதை அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார். அவர் ஆவடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நான் சொல்வதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் அது தப்பு என்று சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை, இடது காது கிழிந்த கறுப்பு ஆட்டோடு ஒருத்தர் வந்தார். ஆட்டுக்குக் கழிச்சல் என்றார். மருந்து எழுதினேன், நகலிலும் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் அதே ஆடு வேறொருத்தரோடு வந்தது, இந்தத் தடவை இருமல். பதினொரு மணிக்கு மூன்றாவது ஆளோடு வந்தபோது நொண்டியது. எதிர் டீக்கடை அம்மாவின் ஆடு அது. வேண்டியவர்களுக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்றாவது ஆளிடம் இது யார் ஆடு என்று கேட்டேன். மறைக்காமல் பதில் சொன்னதற்காகவே அவருக்குக் கையெழுத்துப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "சர்ட்டிபிகேட்டு சத்தியமா என்னுதும்மா. ஆட்ட பத்தி மட்டும் எதுவும் கேக்காதீங்க."

வெயிலில் கறுத்த நெற்றி

மனுஷன்தான் ஆள் மாறாட்டம் செய்வான் என்றில்லை, மாட்டையும் செய்ய வைப்பான். ஒரு தரகர் பசுவோடு வந்து, ஆரோக்கியமாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் கேட்டார். பசுவின் பின்னங்காலில் ஒரு பழைய தையல். என் தையல்தான். ஆனால் நான் தைத்த பசுவுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. இதற்கு நெற்றி கன்னங்கரேல் என்று இருந்தது. நான் தைத்தது மூன்று தடவை சினை தங்காத பசு.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நெற்றியில் ரெண்டு இழுப்பு இழுத்தேன். பஞ்சு கறுத்தது, சுட்டி வெளுத்தது. அன்றிலிருந்து மேஜையில் ஸ்பிரிட் பஞ்சு எப்போதும் இருக்கும். தரகர் நெற்றியை உற்றுப் பார்த்துவிட்டு, தானே ஏமாந்துபோன மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "நான் வெயில்ல கறுத்துகிச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன் டாக்டரம்மா."

செவலையின் சிபாரிசு

ஆட்டு விவகாரத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தினேன். ஆட்டை இரவல் கொடுப்பார்கள், கறவை மாட்டை எவன் கொடுப்பான்? பழகாத ஆள் பிடித்தால் மாடே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இனிமேல் பசு மாடு, அதுவும் என் ரிஜிஸ்டரில் இருக்கிற மாடு. நானே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

சேக்காட்டில் முனுசாமி என்று ஒரு பால்காரர். அவரிடம் ஒரு செவலைப் பசு, வலது கொம்பு கண்ணுக்கு மேல் கோணி வளைந்திருக்கும். அதன் முதல் கன்றை இழுத்து எடுத்ததே நான்தான். எப்போதும் முனுசாமிதான் ஓட்டி வருவார். ஒரு நாள் முப்பது வயசுக்குள் ஒருத்தன் ஓட்டி வந்தான். வேலைவாய்ப்பு ஆபீஸிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்திருக்கிறது, ஒரு தொழிற்சாலையில் வேலை, நகல் நாலும் போட்டோவும் அட்டெஸ்ட் செய்ய வேண்டும் என்றான். சர்ட்டிபிகேட்டில் பேர் ஏழுமலை, அப்பா பேர் முனுசாமி. என் ரிஜிஸ்டரிலும் செவலையின் சொந்தக்காரர் முனுசாமி. "நீதான் ஏழுமலையா?" என்றேன். ஆமாம் என்றான். செவலை அவன் தோளில் தலையைத் தேய்த்தது, புறங்கையை நக்கியது. சிடுமூஞ்சி மாடு அது, என்னையே ரெண்டு தடவை உதைத்திருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று ரெண்டு வரி இருக்கும். தெரியாத ஆளாக இருந்தால் அதைச் சரிபார்க்காமல் நான் பேனாவைத் திறக்க மாட்டேன். அன்றைக்குத் திறந்துவிட்டேன். மாடே சொல்லும்போது மச்சம் எதற்கு என்று நினைப்பு. போட்டோவின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் கையெழுத்தை இழுத்தேன். அவன் போன பிறகு அந்தோணி முத்திரையைத் துடைத்து வைத்துக்கொண்டே சொன்னார். "மாடு சிபாரிசு பண்ணி ஆளை நம்பறத இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்."

இன்னொரு ஏழுமலை

மூன்று வாரம் கழித்துச் செவலை மறுபடி வந்தது. தீனி எடுக்கவில்லை. ஓட்டி வந்தவன் வேறு ஆள், மெலிந்த உடம்பு. ஊசி போட்டு முடித்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்தான். ஏழு வருஷமாக வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து காத்திருக்கிறானாம். கூடப் பதிந்தவர்களுக்கெல்லாம் இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது, தனக்கு மட்டும் வரவில்லை, வயசு வரம்பு தாண்ட இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது, மனுக் கொடுக்க நகலில் கையெழுத்து வேண்டும் என்றான். பேர் என்ன என்றேன். ஏழுமலை என்றான்.

எனக்கு வந்ததே கோபம். என் மேஜையிலேயே, என் மாட்டைக் காட்டியே ஏமாற்றுகிறானே என்று சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏழுமலையை எனக்குத் தெரியும், போன மாதம்தான் வந்தான், நீ யார் என்று கத்தினேன். கேட்டைச் சாத்தச் சொன்னேன். அந்தோணி சாத்தினார். அவன் மலங்க மலங்க விழித்துக்கொண்டு, "நான்தாம்மா ஏழுமலை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தோணிதான் டிராயரைத் திறந்து அங்க அடையாளத்தைப் பார்க்கச் சொன்னார். இடது முன்கையில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. கையை நீட்டச் சொன்னேன். மச்சம் இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர மச்சம் அப்படியே இருந்தது. வேட்டியை முழங்கால்வரை தூக்கினான், தழும்பும் இருந்தது. இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒருத்தனை விட்டுவிட்டேன், பாவப்பட்ட ஒருத்தனைக் கேட்டைச் சாத்தி மிரட்டியிருக்கிறேன்.

வந்தவன் எப்படி இருந்தான் என்று ஏழுமலை கேட்டான். எனக்கு முகம் ஞாபகம் இல்லை. மாடு தோளில் தேய்த்தது, கையை நக்கியது, அதுதான் ஞாபகம் இருந்தது. வீட்டில் யார் பால் கறக்கிறார்கள் என்று கேட்டேன். செவலையின் கயிற்றைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "எங்க அக்கா புருசந்தாம்மா. மாமா எங்க ஊட்லதான் கீறாரு."

யார் போனால் என்ன

மறுநாள் முனுசாமியே வந்தார், பின்னால் ஏழுமலை. நடந்ததெல்லாம் அதற்குள் வீட்டில் வெளியே வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை பத்தாவது ஃபெயில். தபால்காரர் கொடுத்த கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்துப்போய் நகல் எடுத்து, இன்டர்வியூவுக்கும் ஏழுமலையாகவே போய் வந்திருக்கிறார். தேர்வும் ஆகிவிட்டது. மெடிக்கல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. முனுசாமி என்னிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பேசாமல் விட்டுவிட வேண்டும். மகளுக்கு ரெண்டு குழந்தைகள், மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனால் அவள் கதி என்ன என்றார். "ரெண்டு பேரும் ஒரே ஊட்டு ஆளுங்கதானேம்மா, யாரு போனா இன்னா?" என்றார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஏழுமலை அதுவரைக்கும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மாமா அந்த வேலைக்குப் போய்விட்டால் இவன் ஆயுசுக்கும் தன் சர்ட்டிபிகேட்டை எங்கேயும் நீட்ட முடியாது. எங்கே போனாலும் ஏழுமலை ஏற்கெனவே வேலையில் இருக்கிறானே என்பார்கள். இதை நான் சொல்வதற்கு முன்னால் அவனே அப்பாவைப் பார்த்துக் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. "எம்பேர மாமா எடுத்துகினாருன்னா, அப்பால நான் யாரு நைனா?"

சாந்து டப்பா

கையெழுத்துப் போட்டவள் நான். தப்பு என்று எழுத வேண்டியவளும் நான்தான். எழுதினால் துறையில் மெமோ வரும், அதற்கு மேலும் வரலாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார் என்றார் வீட்டுக்காரர். மெடிக்கலுக்கு இருந்தது ஒன்பது நாள். பொறுக்க நேரம் இல்லை. அந்தத் தொழிற்சாலைக்கு நாலு வரி எழுதினேன். இந்தப் போட்டோவில் நான் போட்ட கையெழுத்து ஆளைச் சரிபார்க்காமல் போட்டது, அங்க அடையாளத்தை நேரில் பார்க்கவும், மச்சத்தை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துப் பார்க்கவும். யார் பேரையும் காட்டிக் கொடுக்கவில்லை. பச்சை மையில் என் தப்பை நானே அட்டெஸ்ட் செய்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

மெடிக்கல் அன்று மாமாவின் கையில் மச்சம் இருந்ததாம், பஞ்சு படுகிற வரைக்கும். பாதித் தேய்ப்பிலேயே மனுஷர் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஃபைலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முன்கை முழுக்க ஈஷிக்கொண்டிருந்த கறுப்பைப் பார்த்ததும் ஏழுமலையின் அக்காவுக்கு அங்கே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து புருஷன் எதிரில் வைத்தாளாம். "எஞ் சாந்து டப்பா ஏன் ஒரே வாரத்துல காலியாச்சின்னு இப்பத்தான் தெரியுது."

விளக்கம்

மெமோ வந்தது. எந்த ஆதாரத்தின் பேரில் மேற்படி நபரை அடையாளம் கண்டீர் என்று கேட்டிருந்தார்கள். பொய் எழுதலாம் என்று ரெண்டு தாள் கிழித்தேன். மூன்றாவது தாளில் 'மாட்டின் பேரில்' என்று உள்ளதை எழுதிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். நான் எதிரில் நிற்க நிற்க, விளக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வேலை போகவில்லை, ஒரு வருஷ இன்கிரிமென்ட் போனது. அறையை விட்டுக் கிளம்பும்போது அவர் கேட்டார். "ஏம்மா, அந்த மாட்டோட கால் ரேகையையும் வாங்கி இணைச்சிருக்கலாமே?"

உங்களை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சர்ட்டிபிகேட் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது? அந்தப் பெட்டிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, அந்த ஆணி யார் யாருக்கு எட்டும்? நானும் வெளியாட்களையே பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் இது எந்த வேலைக்காகக் கொடுக்கிற நகல் என்று கோணலாக எழுதி, தேதி போட்டு, அதன்மேல்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு எதற்கும் அதை எடுத்துப்போக முடியாது. ஐந்து நிமிஷம் கூடுதல். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

ஏழுமலையின் கை

வேலைவாய்ப்பு ஆபீஸில் விசாரித்தார்கள், தொழிற்சாலையில் விசாரித்தார்கள். ஏழுமலையின் வயசு வரம்புக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவன் பேருக்குப் புதிதாகக் கார்டு வந்தது. இந்தத் தடவை தபால்காரரை அவன் தெருமுனையிலேயே மடக்கி வாங்கியிருக்கிறான். வேலை கிடைத்தது. சேருவதற்கு நகலில் கையெழுத்து வாங்க என்னிடம்தான் வந்தான். மாடு இல்லாமல் வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைக் கையைச் சுருட்டி முன்கையை மேஜையில் வைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பஞ்சை எடுத்துத் தேய்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டே காட்டினான்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வீட்டில் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அக்காவுக்காக அவன் போலீசுக்குப் போகவில்லை. மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார், செவலையை அவர்தான் கறக்கிறார், கறக்க வேறு யாரையும் அது கிட்டே சேர்ப்பதில்லை. நகல்களை உறைக்குள் போட்டு, உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏழுமலை சொன்னான். "முன்னல்லாம் டேய்னுதாம்மா கூப்புடுவாரு. இப்ப ஏழுமலைன்னு பேரச் சொல்லித்தான் கூப்புடறாரு."

அதற்குப் பிறகும் பல வருஷம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வந்தவர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் ஏழுமலையை விட்டால் பொய்யே சொல்லாதது அந்தக் கோணக்கொம்பு மாடு ஒன்றுதான், 'உன் மடியைக் கறக்கிறவன் யார்' என்பதற்கு அது சொன்ன பதிலை 'உன் சொந்தக்காரன் யார்' என்பதற்கான பதிலாகத் தப்பாக எடுத்துக்கொண்டவள் நான்.